‘ஹைம்வே’ என்னும் சொல்

மக்களுக்கு உள்ளவாறே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ச்சியும் இடப்பெயர்ச்சியும் உண்டு. சில சொற்கள் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிகின்றன. சில வேற்றுமொழிகளிற் குடியேறித் தம் பழைய சுற்றத்தாரும் அடையாளங்காண இயலாதவாறு உருமாறி விடுகின்றன. ஜெர்மானிய மொழியில் ‘ஹைம்வே’ என்றொரு தொகைச்சொல் உளது. ‘ஹைம்’ என்பது வீடு. ‘வே’ என்பது நோவு. வீட்டைப் பிரிந்தார்க்கு அதன் நினைவால் உண்டாகும் துன்பத்தை அச்சொல் குறிக்கின்றது. இக்காலத்து ஜெர்மானியர் அதனை ஓர் உள்ள உணர்ச்சியின் பெயராகவே வழங்குகின்றனர். ஆயின், அது முதன்முதல் ஏட்டில் ஏறியபோது உணர்ச்சியின் பெயராக அன்று, நோயின் பெயராகவே வழங்கிற்று; அந்நோயால் மக்கள் இறந்தனர் என்று மருத்துவரும் படைத்தலைவரும் எழுதி வைத்துள்ளனர். அச்சொல்லின் வரலாற்றை எம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இச்சொல்லை யாம் நாடிச் சென்ற காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாகும். யாம் கல்லூரி விடுதியிற் சேர்ந்த முதலாண்டில், எம் அறைக்கு அடுத்த அறையில் சிற்றூரினின்றும் வந்த மாணவர் ஒருவர் இருந்தார். வந்த இரண்டாம் வாரத்திலேயே அவர்க்கு உணவு செல்லவில்லை, உறக்கம் பிடிக்கவில்லை, மாலைதோறும் உடம்பு சுட்டது. மருத்துவர் வந்து நாடி பார்த்து, நாவைப் பார்த்து, மார்பிற் குழல் வைத்துக் கேட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார். இல்லை என்றதும் விடுதியில் நகைப்புப் பிறந்தது. ‘அம்மாவைத் தேடுகிறான்’ என்று சிலர் ஏளனம் செய்தனர். யாமும் அவருடன் நின்று நகைத்தோம் என்பதை மறைக்க மாட்டோம். சில நாள் கழித்து அவர் தந்தையார் வந்து, பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு, மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அம்மாணவர் மீண்டும் கல்லூரிக்கு வரவில்லை.

ஈராண்டு சென்றபின், தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்த ஜெர்மானியராகிய பப்ரிசியுஸ் ஐயரைப் பற்றிய குறிப்புகளைத் தேடி யாம் நூல்நிலையத்தில் அமர்ந்திருந்தபோது, ஜெர்மானியச் சொல்லகராதி ஒன்றில் ‘ஹைம்வே’ எம் கண்ணிற் பட்டது. அன்று யாம் கண்டு நகைத்த துன்பத்திற்கு ஒரு நாட்டார் நோய் என்றே பெயரிட்டு, அதற்கு மருந்தும் ஆராய்ந்துள்ளனர் என அறிந்து நாணினோம். இக்கட்டுரை அந்நாணத்தில் தோன்றியது.

இனி, சொல்லைப் பிரித்துக் காண்போம். பின்னிற்கும் ‘வே’ என்பது முதலிற் பெயரன்று. துன்பம் தாக்கியவுடன் வாயினின்றும் எழும் ஓலமே ஆகும். தமிழன் ‘ஐயோ’ என்னுமிடத்துப் பண்டை ஜெர்மானியன் ‘வே’ என்றான். ஆங்கிலத்தில் துயரத்தைக் குறிக்கும் ‘வோ’ என்னும் சொல் இதன் உடன்பிறப்பு. மார்ட்டின் லூத்தர் வேதத்தைத் தம் தாய்மொழியிற் பெயர்த்தபோது, நம் தமிழ் விவிலியத்தில் ‘ஐயோ’ என வரும் இடங்களில் இவ்வோலத்தையே அமைத்தார். நாளடைவில் அவ்வோலம் பெயராகி, ஓலத்திற்குக் காரணமாகிய நோவையே குறிப்பதாயிற்று. தமிழிலும் ‘நோ’ என்னும் அடியினின்றே நோவும் நோயும் கிளைத்தன. மருந்தால் தீரும் பிணியையும், காதலரைப் பிரிந்தாள் உறும் துன்பத்தையும் திருவள்ளுவர் ‘நோய்’ என்னும் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றார். உடலின் நோவுக்கும் உள்ளத்தின் நோவுக்கும் இடையே வேலியிட்டவர் பிற்காலத்து அறிஞரேயன்றி மொழியை ஆக்கிய பொதுமக்கள் அல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

முன்னிற்கும் ‘ஹைம்’ என்பது ஆங்கிலத்து ‘ஹோம்’ என்பதனோடு ஒரு தாய் வயிற்றுப் பிறந்தது. ஜெர்மானிய இனத்து மொழிகளுள் மிகப் பழைய நூல் வழக்குடைய கோதிக் மொழியில் ‘ஹைம்ஸ்’ என்பது ஊரைக் குறித்தது. ஜெர்மனியிலுள்ள மன்ஹைம், ஹில்டெஸ்ஹைம் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும், இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் முதலியவற்றின் ஈற்றிலும் இன்றும் இச்சொல் வாழ்கின்றது. ஆதலின், ‘ஹைம்’ என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் அன்று. தெருவும் கிணறும், அயலாரும் ஆடுமாடும், கோயில் மணியும் வயல்வரப்பும் எல்லாம் அதனுள் அடங்கும். விடுமுறை வந்ததும் நம் மாணவர் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பதினும் ‘ஊருக்குப் போகிறேன்’ என்பதையே மிகுதியும் சொல்லுகின்றனர் அன்றோ? அவ்வூரே ஈண்டு ‘ஹைம்’ எனப்பட்டது.

இவ்விரண்டும் தொக்க முறை தமிழ் மாணவர்க்குச் சுவை பயப்பதாகும். ஜெர்மனியின் தென்பகுதியிலும் ஸ்விட்ஜர்லாந்திலும் மக்கள் தலைவலியைக் ‘கொப்வே’ என்பர். பல்வலியை ‘ட்ஸான்வே’ என்பர். வயிற்றுவலியைப் ‘பவுக்வே’ என்பர். வடபகுதியார் இவ்விடங்களில் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்னும் வேறொரு சொல்லை அமைப்பர். தலைவலி என்பதைத் தலையின்கண் உண்டாகும் வலி என விரிக்கலாம். பல்வலியும் வயிற்றுவலியும் அவ்வாறே விரியும். ஹைம்வேயை மட்டும் அம்முறையில் விரித்தல் இயலாது. வீட்டின்கண் உண்டாகும் நோவு என்றால், வீட்டில் இருப்பவனுக்கு அந்நோவு இல்லையே! வீட்டைப் பிரிதலால் உண்டாகும் நோவு எனக் கொண்டு, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்றே கூறல்வேண்டும். எனினும், தலை, பல், வயிறு என்னும் வரிசையில் வீட்டையும் வைத்து வழங்கிய மலைநாட்டு உழவன் இலக்கணம் பிழைத்தான் அல்லன். வீடும் தன் உடம்பின் ஓர் உறுப்பே, அதனைத் தன்னினின்றும் பிரித்தால் பிரித்த இடம் நோகும் என்று அவன் கருதினான் போலும்!

ஹைம்வே தோன்றுமுன் அம்மக்களுக்கு இத்துன்பம் இல்லாமல் இல்லை. அதற்குச் சான்றாக ‘ஏலெண்ட்’ என்னும் மற்றொரு தொகைச்சொல்லைக் காட்டலாம். இன்று அதன் பொருள் பெருந்துன்பம், இழிநிலை என்பதாகும். பழைய ஜெர்மானியத்தில் அஃது ‘எலிலெண்டி’ என நின்று, வேற்றுநாடு என்னும் பொருளைத் தந்தது. அதன்வழி நாடு கடத்தப்பட்டு அயல்நாட்டில் வாழும் நிலையைக் குறித்தது. அப்பாலே துன்பம் யாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. வேற்றூரில் வாழ்தலே துன்பம் என்னும் கருத்து இதனினும் தெளிவாக ஒரு சொல்லிற் பொதிந்திருத்தல் அரிது. இடைக்காலத்து ஜெர்மன் நகரங்களில் அயலூர் வழிப்போக்கர்க்கும் ஏழைகட்கும் இடமளித்த அறச்சாலைகள் இச்சொல்லைக்கொண்டே பெயர்பெற்றிருந்தன.

ஆயின், ‘ஏலெண்ட்’ நிலைமையின் பெயர். ஹைம்வே நோயின் பெயர். நோய்க்குத் தனிப்பெயர் வேண்டிய தேவை ஸ்விட்ஜர்லாந்தில் எழுந்தது. மலைகள் நிறைந்த அந்நாட்டில் விளைநிலம் குறைவு. பிறந்த மக்கள் அனைவர்க்கும் உணவு போதாது. ஆகவே இளைஞர் பலர் கூலிப்படையிற் சேர்ந்து, பிரான்சு மன்னர்க்கும் பிற மன்னர்க்கும் போர்த்தொழில் செய்து பிழைத்தனர். வீரத்திற்கும் வாக்குத் தவறாமைக்கும் பெயர்போன அவ்வீரர் வெட்டுண்டும் சுடப்பட்டும் இறந்ததன்றி, காயமின்றியும் சிலர் மெலிந்து மடிந்தனர். பிரான்சில் படைநடத்திய லுட்ஸெர்ன் நகரத்துத் தலைவராகிய லுட்விக் பிபைபர் 1569-இல் தம் நகரத்தார்க்கு எழுதிய மடலொன்றில், தம்முடன் இருந்த ஒருவர் ஹைம்வேயால் இறந்தார் என்று குறித்துள்ளார். இச்சொல் ஏட்டில் ஏறிய மிகப் பழைய இடங்களுள் இஃதொன்று. காய்ச்சலால் இறந்தார் என்று எழுதுவது போலவே, வியப்போ விளக்கமோ இன்றி அவர் எழுதியுள்ளமை கருதத்தக்கது. படிப்பார்க்கு அச்சொல் முன்னரே தெரியும் என்பது அவர் எண்ணம்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இச்சொல் நாட்டார் வாயிலேயே உலவிற்று. அதனை மருத்துவ நூலுள் ஏற்றியவர் பேராசிரியர் அல்லர், ஒரு மாணவர். ஆல்ஸாஸ் பகுதியிலுள்ள மியூல்ஹௌஸன் நகரத்திற் பிறந்த யோஹன்னஸ் ஹோபர் என்பவர் பாஸல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1688-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் தம் ஆராய்ச்சியுரையை அப்பல்கலைக்கழகத்தார் முன் வைத்து வாதித்தார். அவர் பிறந்தது 1669-இல். ஆகவே அன்று அவர் வயது பத்தொன்பது. எம் வயதினரே! அவரும் பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் கற்றவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஹைம்வே.

நாட்டார் எல்லாரும் அறிந்த இந்நோயை மருத்துவர் எவரும் எழுதவில்லையே என்பது அவர் முறையீடு. நாட்டுச்சொல்லாற் பெயரிட்டால் அறிஞர் அவையில் மதிப்பிராது. ஆதலின், மீட்சி என்னும் பொருள்படும் ‘நாஸ்டாஸ்’, நோவு என்னும் பொருள்படும் ‘ஆல்காஸ்’ என்னும் கிரேக்கச் சொற்கள் இரண்டையும் கூட்டி, ‘நாஸ்டால்ஜியா’ என்று புதுப்பெயர் புனைந்தார். அது பிடியாதவர் வேறு பெயர் கொள்ளலாம் என்று வேறு சில கிரேக்கத் தொகைகளையும் எடுத்துக் காட்டினார். இன்று உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் நாஸ்டால்ஜியா என்னும் சொல்லைக் கேட்பார், ஹோமர் காலத்துக் கிரேக்கர் அதனைப் பேசினர் என்றே மயங்குவர். உண்மை அதற்கு மாறானது. ஸ்விஸ் உழவரின் சொல்லே மூலம். கிரேக்கச் சொல் அதன் மொழிபெயர்ப்பு. பேரனுக்குப் பாட்டன் வேடமிட்டதை ஒக்கும் இது.

ஹோபர் தம் உரையிற் காட்டிய நோயாளர் இருவர் வரலாற்றை இங்குக் கூறாது விடல் ஆகாது. பெர்ன் நகரத்து இளைஞர் ஒருவர் பாஸலில் வந்து கல்வி கற்றார். அவர்க்கு நெடுநாள் சோர்வு இருந்தது, பின்பு காய்ச்சல் விடாது தொடர்ந்தது, நெஞ்சு பதைத்தது, பிழையார் என்று அஞ்சி, அவர்பொருட்டுப் பொதுவில் இறைவேண்டலும் நடைபெற்றது. மருத்துவர் ஏவலாற் பணிசெய்ய வந்த மருந்தாளர் ஒருவர் நோயாளரின் நிலையைக் கண்டு, ‘இது ஹைம்வே, ஊருக்கு அனுப்புவதன்றி வேறு மருந்தில்லை’ என்னும் கருத்தைத் தெரிவித்தார். பயணத்திற்கு ஆயத்தம் நடப்பதைக் கண்ட அளவிலேயே நோயாளர் மூச்சு எளிதாயிற்று. நகரத்தைவிட்டுச் சில கல் தொலைவு செல்வதற்குள் துன்பம் பெரிதும் தணிந்தது. பெர்ன் நகரை அடையுமுன்னரே அவர் முழுநலம் பெற்றார்.

மற்றவள் ஒரு குடியானவப் பெண். உயரத்தினின்று விழுந்து, சில நாள் உணர்விழந்து கிடந்தவளை மருத்துவச்சாலையிற் சேர்த்தனர். உணர்வு வந்து கண்விழித்தபோது, முன்பின் அறியாத முதியவர் சிலர் தன்னைச் சூழ்ந்து நிற்கக் கண்டாள். அன்றுமுதல் உணவையும் மருந்தையும் உமிழ்ந்தாள். எது கேட்பினும், வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையன்றி அவள் வாயில் வேறு விடை இல்லை. பெற்றோர் அவளை மெலிந்த நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோயினர். சில நாளில், மருந்தொன்றும் இன்றியே அவள் எழுந்தாள்.

ஹோபர் கூறிய காரணம் அக்காலத்து அறிவுக்கு ஒத்தது. மூளையின் நரம்பிழைகளில் ஊரைப் பற்றிய எண்ணங்கள் தடம் பதித்துள்ளன. உயிர்க்காற்று எப்போதும் அத்தடங்களிலேயே ஓடி, உடலின் பிற தொழில்களுக்குப் போதாமற் போகின்றது. அதனால் பசியும் உறக்கமும் கெடுகின்றன என்றார். இக்கொள்கை இன்று நில்லாது. ஆனால், அவர் கூறிய மருத்துவம் கருதத்தக்கது. பேதிமருந்து முதலியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ஊர் திரும்பலாம் என்னும் நம்பிக்கையை ஊட்டலாம். அவை பயன்படாவிடின், எவ்வளவு மெலிந்தவராயினும் காலந்தாழ்த்தாது ஊருக்கு அனுப்புக என்றார்.

ஹோபருக்குப்பின் வந்தோர் நோயை விட்டுக் காரணத்தைப் பற்றி வழக்கிட்டனர். சூரிக் நகரத்து இயற்கைநூற் புலவர் யோஹன் யாகோப் ஷொய்க்ட்ஸர் என்பவர்க்கு ஒரு மனக்குறை. வீரம் மிக்க ஸ்விஸ் மக்கள் குழந்தைகளைப் போல் வீட்டை நினைத்து நோய்ப்படுகின்றனர் என்றால், நாட்டுக்கே இழுக்கன்றோ? ஆதலின், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வேறொரு காரணம் கண்டார். மலைமேற் காற்று மெலிது. சமவெளியிற் காற்று கனத்தது. மெலிந்த காற்றிற் பழகிய உடம்பைக் கனத்த காற்று அழுத்துவதால் குருதியோட்டம் தடைப்பட்டு நோய் உண்டாகின்றது என்றார். மருந்து யாதெனின், நோயாளரைக் குன்றின் மேலோ கோபுரத்தின் மேலோ குடியேற்றுதல்; அன்றி, வெடியுப்புச் சேர்ந்த மருந்தை உட்கொள்ளச் செய்தல். குற்றம் உள்ளத்தினது அன்று, காற்றினது என்று காட்டித் தம் நாட்டார் மானத்தைக் காக்க முயன்ற அவர் அன்பை மெச்சலாம். மலையே காணாத சமவெளி நாட்டாரும் இந்நோய் கொள்ளக் கண்டபின் அக்கொள்கை தானே உதிர்ந்தது.

பாஸல் நகரத்து மருத்துவர் ஸ்விங்கர் என்பவர் ஹோபரின் உரையை 1710-இல் மாற்றங்களுடன் மீண்டும் வெளியிட்டபோது, வேறொரு செய்தியைச் சேர்த்தார். ஆல்ப்ஸ் மலையில் மாடுமேய்ப்போர் மாடுகளை அழைக்கப் பாடும் பண் ஒன்றுண்டு. அதனைக் ‘கூராயென்’ என்பர். அயல்நாட்டுப் படையிலுள்ள ஸ்விஸ் வீரர் அப்பண்ணைக் கேட்டால் நோய்வாய்ப்படுவர் என்பது அச்செய்தி. ரூஸோ தம் இசையகராதியில் (1768) இதனை விரித்து, படையினரிடையே அப்பண்ணை இசைப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாக விலக்கப்பட்டிருந்தது என்று எழுதினார். அவர் கூறும் நுட்பம் ஒன்று போற்றத்தக்கது: அப்பண் இனிய பண் அன்று, அயலார் அதனைக் கேட்டு உருகார், அது பாட்டாக நின்று வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக நின்றே வேலை செய்கின்றது என்பதாம்.

அதன்பின் ஸ்விட்ஜர்லாந்தின் நோய் பிற நாடுகளுக்கும் உரியதாயிற்று. படை மருத்துவர் அதனை அஞ்சினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) வடநாட்டுப் படையினருள் 5,000-க்கும் மேற்பட்டோர் நாஸ்டால்ஜியா என்னும் பெயராலேயே நோயாளர் கணக்கில் எழுதப்பட்டனர். பின்னர், நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு வளர்ந்தது. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். மாலைக் காய்ச்சலுக்கும் உடல் மெலிவுக்கும் வேறு காரணங்கள் வெளிப்பட்டன. ஹைம்வே என்று எழுதப்பட்ட இறப்புகளுட் பல காசத்தாலும் குடற்காய்ச்சலாலும் நேர்ந்தவையாக இருக்கலாம். எனவே ஹைம்வே நோய்ப் பட்டியலினின்றும் மெல்ல நீங்கிற்று. இன்று மருத்துவர் அதனைத் தனி நோயாகக் கொள்வதில்லை; உளநூலார் மட்டும், புதிய இடத்திற்குச் சென்றோர் உறும் துன்பமாகக் கொண்டு அதனை ஆராய்கின்றனர்.

நோய்ப்பெயராய் இருந்தபோதே இலக்கியத்தாரும் அதனை எடுத்துக்கொண்டனர். கண்புரை நீக்கும் மருத்துவத்தில் புகழ்பெற்ற யுங்-ஷ்டில்லிங் என்பவர் 1794 முதல் ‘ஹைம்வே’ என்னும் பெயராலேயே ஒரு பெருங்கதை வெளியிட்டார். அதில் வீடு என்பது விண்ணக வீடு. காண்ட் என்னும் தத்துவ அறிஞர் 1798-இல் வெளியிட்ட தம் மானிட நூலில் இச்சொல்லை வேறொரு வழியில் ஆராய்ந்தார். ஊர் திரும்பியவர் ஏமாற்றம் அடைந்தே நோய் தீர்கின்றனர். ஊர் மாறிவிட்டது என்று கருதுகின்றனர். உண்மையில் அவர் தேடியது ஊரையன்று, திரும்பி வாராத தம் இளமையையே என்பது அவர் கருத்து. பின்னாளில் நாஸ்டால்ஜியா என்னும் சொல் கழிந்த காலத்திற்கு ஏங்குவதைக் குறித்ததும், ஹைம்வே மட்டும் பிரிந்த இடத்தைப் பற்றியே நின்றதும் நோக்குமிடத்து, காண்ட் கூறிய பிளவு சொற்களிலேயே நிகழ்ந்துவிட்டமை புலனாகும்.

1880-இல் யோஹன்னா ஷ்பீரி அம்மையார் எழுதிய ‘ஹைடி’ என்னும் சிறுவர் கதையை நம்மவர் பலர் அறிவர். மலையினின்றும் பிராங்பர்ட் நகருக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமி மெலிகின்றாள். உறக்கத்தில் எழுந்து நடந்து, தெருக்கதவைத் திறக்கின்றாள். மருத்துவர் பார்த்து, இது வீட்டு நோவு, உடனே மலைக்கு அனுப்புக என்கின்றார். அம்மையார் ஒரு மருத்துவரின் மகள். ஹோபர் இரு நூற்றாண்டுகட்கு முன் எழுதிய மருத்துவமே அக்கதையில் மீண்டும் நிகழ்கின்றது. இதற்கு மறுபுறமும் உண்டு. கார்ல் யாஸ்பர்ஸ் என்னும் அறிஞர் 1909-இல் ஹைம்வேயும் குற்றமும் என்னும் பொருள்பற்றித் தம் மருத்துவப் பட்டத்திற்கு ஆராய்ந்தார். இளம்பருவத்திலேயே அயல்வீடுகளிற் குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பெண்கள், ஊர் திரும்பும் வழி வேறு காணாது, வேலை செய்த வீட்டிற்குத் தீயிட்டும் குழந்தையைக் கொன்றும் கொடுமை செய்த வழக்குகள் அதில் ஆராயப்பட்டன. ஒரு வீட்டில் நகைப்புக்குரியதாகத் தோன்றும் துன்பம் பிறிதொரு வீட்டில் இவ்வளவிற்கும் செல்லும்.

ஆங்கிலத்தார் ‘ஹோம்சிக்னெஸ்’ என்னும் தொகையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஜெர்மானியச் சொல்லைப் பார்த்தே ஆக்கிக்கொண்டனர். அவர்தம் சொல்லிலும் நோய் என்னும் உறுப்பு உள்ளமை காண்க. ஜெர்மானியரோ அடுத்த நூற்றாண்டில் இதற்கு மறுதலையாகப் ‘பெர்ன்வே’ என ஒன்று படைத்தனர். ‘பெர்ன்’ என்பது தொலைவு. தொலைநாடுகளைக் காணவேண்டும் என்று உள்ளம் துடிப்பதே அந்நோவு. வீட்டில் இருப்பவனுக்கு வெளி நோவு. வெளியே சென்றவனுக்கு வீட்டு நோவு!

யாம் தேடத் தொடங்கிய பப்ரிசியுஸ் ஐயரிடம் இனி மீள்வோம். இச்சொல் மலைநாட்டினின்றும் ஜெர்மன் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், ஜெர்மானியர் சிலர் கடல்கடந்து நம் கரைக்கு வந்தனர். பப்ரிசியுஸ் ஐயர் 1740-இல் வந்தார்; 1791-இற் சென்னையில் இறந்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் வந்தார். 1798-இல் தஞ்சையில் இறந்தார். இருவரும் அரை நூற்றாண்டளவு இங்கே வாழ்ந்தும், பிறந்த நாட்டிற்கு ஒருமுறையேனும் திரும்பிற்றிலர். அவர்தம் தமிழறிவைப் பாராட்டியோர் பலர். அத்தமிழைக் கற்ற ஆண்டுகளில் அவர் உள்ளம் எத்தகைய நோவைத் தாங்கிற்று என்று யாம் இதற்குமுன் ஒருநாளும் எண்ணியதில்லை. வேற்றூரையும் பெருந்துன்பத்தையும் ஒரே சொல்லாற் குறித்த மொழி அவர் தாய்மொழி. ‘ஐயோ’ என்று நாம் படிக்கும் இடங்களில் எல்லாம் ‘வே’ என்று இளமையிற் படித்தவர் அவர்.

இத்துணையும் கூறியதனால் யாம் கொண்ட கருத்து ஒன்றே. நோய்க்காரணம் கூறிய அறிஞர் பலரும் பிழைத்தனர், உயிர்க்காற்று பொய்த்தது, கனத்த காற்று பொய்த்தது. பிழையாது நின்றது, பெயரறியாத மக்கள் ஆக்கிய சொல். அச்சொல் நோவை நோவு என்றது. அதனால் நோவுற்றவர் பொய்யர் என்னும் பழியினின்றும் நீங்கினர். பாஸல் நகரத்து மாணவர் பெர்ன் நகரைக் கண்டு பிழைத்தார் அல்லர், வழியிலேயே பிழைத்தார். பயணத்திற்கு ஆயத்தம் செய்யக் கண்டபோதே அவர் மூச்சு எளிதாயிற்று என்பதனால், அவரைக் காத்தது ஊர் மட்டுமன்று; தம் துன்பத்தை ஒருவர் அறிந்து பெயர் சொல்லிவிட்டார் என்னும் ஆறுதலும் ஆம். அதனை அறிந்தவரோ பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். மருந்து கொண்டுவந்த பணியாளர்.

எம் அடுத்த அறை மாணவர்க்கு அத்தகைய ஒருவர் இல்லாது போயினர். யாம் அவராக இருந்திருக்கலாம். ‘நோய் ஒன்றும் இல்லை’ என்று மருத்துவர் கூறிய அன்று மாலை, அவர் அருகில் அமர்ந்து, உம் ஊர் எது, உங்கள் வீட்டுக் கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது, தங்கை என்ன படிக்கின்றாள் என்று நான்கு சொல் வினவியிருப்பின், ஒருகால் அவர் படிப்பு முடிந்திருக்கும். கூறாத சொற்களுக்கு இனி வருந்திப் பயனில்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் விடுதிக்குப் புதிய பெட்டிகள் வருகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் இந்நோவு தொடர்ந்து வரும். வரின், அதனை நகையாது அறிந்துகொள்ளுதற்கு இச்சொல் வரலாறு நம் மாணவர்க்குச் சிறிது பயன்படுமாயின், யாம் அகராதியின் முன் கழித்த மாலைகள் வீண்போகா.